மணற்பாதைகளில் ஒரு நீள லென்ஸ்: சோனி 200-600 மி.மீ. குறித்து

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்திலுள்ள பெஸ்தாரி ஜெயா, நம் பெரியவர்களின் நாவில் இன்றும் பத்தாங் பெர்ஜுந்தையாகவே இருக்கும் இந்த ஊர், ஒரு பக்கம் செம்பனைத் தோட்டங்களாலும் மறுபக்கம் பழைய ஈயக்குட்டைகளாலும் சூழப்பட்டது. ஈயத்தை அலசி எடுத்தபின் கொட்டப்பட்ட மணல் இன்னும் பரந்து கிடக்கிறது. அதன் மேல் லோரிகளும், தூண்டில் போட வருவோரின் மோட்டார்களும், மாடு ஓட்டிச் செல்வோரின் கால்களும் போட்ட பாதைகள் குட்டைக்குக் குட்டை நீள்கின்றன. பறவைகளும் உடும்புகளும் நிறைந்த இப்பாதைகளில் படமெடுக்க எந்த லென்ஸை வாங்குவது என்று ஊரில் புதிதாகக் கேமரா வாங்கும் இளைஞர்கள் அடிக்கடி கேட்பதுண்டு. சோனி நிறுவனத்தின் எஃப்.இ. 200-600 மி.மீ. எஃப் 5.6-6.3 ஜி ஓ.எஸ்.எஸ். லென்ஸை நெடுநாள் பயன்படுத்திய பின், அவர்களுக்குச் சொல்லும் விடையையே இங்கே விரிவாக எழுதுகிறேன். விமர்சனங்களில் கூர்மைக்கே முதலிடம் தருவது வழக்கம். மணலில் வேலை செய்பவருக்கு முதலிடம் வேறொன்றுக்கு: ஜூம் செய்யும்போது லென்ஸின் குழல் வெளியே நீள்கிறதா, நீளாமல் உள்ளேயே வேலை முடிகிறதா என்பதற்கு.

இந்த லென்ஸ் 2019-ஆம் ஆண்டு ஜூன் மாதம், அதே நிறுவனத்தின் 600 மி.மீ. எஃப் 4 லென்ஸுடன் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. அன்று அமெரிக்காவில் இதன் விலை 1,998 டாலர். உடன் வந்ததன் விலை 12,998 டாலர். ஆறு மடங்குக்கும் மேற்பட்ட இந்த வித்தியாசமே, சம்பளக்காரர்களான நம்மைப் போன்றோர் இதன் பக்கம் திரும்புவதற்குப் போதிய காரணம். முக்காலிப் பிடியை நீக்கிவிட்டால் எடை 2,115 கிராம். நீளம் 318 மி.மீ.; 200-இல் வைத்தாலும் 600-இல் வைத்தாலும் இந்த நீளம் மாறுவதில்லை. முன்கண்ணாடிக்கான ஃபில்டர் அளவு 95 மி.மீ. மிகக் குறைந்த குவிய தூரம் 2.4 மீட்டர்.

நீளம் மாறாததற்கு நான் இவ்வளவு அழுத்தம் தருவதற்குக் காரணம் உண்டு. ஈயக்குட்டை மணலின் பெரும்பகுதி குவார்ட்ஸ். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதற்கு 7 என்ற இடம். சாதாரணக் கண்ணாடி அதற்குக் கீழே நிற்கிறது. ஆகவே ஒரு மணல்துகள் கண்ணாடியின் மீது கிடந்து, அதன் மேல் துணி ஓடினால் கீறல் விழுவது கண்ணாடியில்தான். வெளியே நீளும் குழல் கொண்ட லென்ஸை ஒவ்வொரு முறை திருப்பும்போதும் அதன் உள்ளே இருக்கும் வெளியின் கொள்ளளவு கூடுகிறது. கூடிய வெளியை நிரப்பக் காற்று எங்கிருந்தாவது நுழைந்தாக வேண்டும். லோரி கடந்துபோன பின் பத்து நிமிடம் அடங்காத புழுதி அந்தக் காற்றோடு சேர்ந்தே நுழைகிறது. கொல்லனின் துருத்தி காற்றை இழுத்துவிடுவதும் இப்படித்தான். ரப்பர் வளையங்கள் பெரும்பகுதியைத் தடுக்கும் என்பது உண்மையே. ஆயினும் நீண்ட குழலின் மேற்பரப்பில் ஒட்டிய துகள், மறுபடி குழலை உள்ளே தள்ளும்போது அந்த வளையத்தைத் தாண்டியே போக வேண்டியிருக்கிறது. காலப்போக்கில் ஜூம் வளையத்தைத் திருப்பும்போது நறநறவென்று ஓர் உணர்வு விரலுக்குத் தட்டுப்படத் தொடங்கினால், அது பெரும்பாலும் இப்படி வந்த மணலே.

சோனி 200-600-இல் நகரும் கண்ணாடித் தொகுதிகள் அனைத்தும் மூடிய குழலுக்குள்ளேயே நகர்கின்றன. வெளியிலிருந்து காற்றை இழுக்க வேண்டிய அவசியம் அதற்கு மிகக் குறைவு. நீரும் தூசும் புகாதபடி தடுப்பு வளையங்கள் வைத்துக் கட்டியிருப்பதாகத் தயாரிப்பாளர் சொல்கிறார். முற்றிலும் புகாது என்று அவரும் உறுதி தரவில்லை, நாமும் அப்படி எண்ணிக்கொண்டு மணலில் கிடத்தக் கூடாது. முன்கண்ணாடியில் ஃப்ளோரின் பூச்சு இருப்பதால் தூசியும் ஈரமும் அழுத்தித் துடைக்காமலே விலகுகின்றன. துடைப்பது எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நாள் கண்ணாடி பிழைக்கும் ஊர் இது.

நீளாத குழலுக்கு இன்னொரு பலனும் உண்டு. ஜூமை மாற்றும்போது எடை முன்னே சாய்வதில்லை. கார் ஜன்னலில் ஒரு பையின் மேல் லென்ஸைக் கிடத்தி வைத்திருக்கும்போது, உடும்பு பாதையைக் கடக்க வந்துவிட்டால், ஒரு விரலால் வளையத்தைத் தள்ளினாலே 600-இலிருந்து 300-க்கு வந்துவிடலாம்; வளையத்தின் சுற்று அவ்வளவு குறுகியது, அவ்வளவு இலகுவானது.

வேறு நிறுவனத்துக் கேமரா வைத்திருப்போர் இதற்காகக் கேமராவை மாற்ற வேண்டியதில்லை. 2023-இல் வந்த நிக்கோன் இசட் 180-600, 2022-இல் வந்த ஃபுஜிஃபிலிம் 150-600 ஆகிய இரண்டும் குழல் நீளாதவையே. ஃபுஜி லென்ஸ் 1,605 கிராம் மட்டுமே எடை கொண்டது. அதற்கு ஈடாக 600-இல் ஒளி புகும் துளை எஃப் 8 ஆகச் சுருங்குகிறது; எஃப் எண் கூடக்கூட ஒளி குறையும். சிக்மா 150-600, டாம்ரோன் 150-500, கெனன் ஆர்.எஃப். 200-800 ஆகியவை நீளும் வகை. அவை நல்ல படம் தருபவை. தார்ச்சாலை ஓரத்திலும் பூங்காவிலும் படமெடுப்போர் அவற்றைத் தயங்காமல் வாங்கலாம். நான் பேசுவது மணற்பாதையைப் பற்றி மட்டும்.

இனி இந்த லென்ஸ் களத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்பதற்கு வருகிறேன். நம் பக்கத்து மணற்பாதைகளின் சிறப்புப் பறவை பஞ்சுருட்டான். இரண்டு இனங்கள் இங்கே தென்படுகின்றன. நீலவால் பஞ்சுருட்டான் வடக்கில் குளிர் தொடங்கும்போது கூட்டம் கூட்டமாக வலசை வந்து, மின்கம்பிகளிலும் பட்ட மரங்களிலும் அமர்கிறது. நீலத்தொண்டைப் பஞ்சுருட்டானோ இங்கேயே முட்டையிடுவது. அதற்கு உயர்ந்த கரைகூட வேண்டியதில்லை, தட்டையான மணல்தரையிலேயே சாய்வாகத் துளைத்துக் கூடு அமைத்துக்கொள்கிறது. பாதையின் ஓரத்திலும், சில வேளைகளில் இரண்டு சக்கரத் தடங்களுக்கு நடுவிலும் அதன் வளை இருக்கும். உச்சியும் மேல்முதுகும் செந்தவிட்டு நிறம், தொண்டை நீலம், இறக்கை பச்சை. வால் நடுவில் இரண்டு இறகுகள் கம்பியாக நீண்டிருக்கும். தும்பியையும் தேனீயையும் காற்றிலேயே பிடித்து, அமர்ந்த கிளைக்கே திரும்பி வந்து, கிளையில் அடித்துக் கொடுக்கை நீக்கிவிட்டு விழுங்கும்.

அமர்ந்த கிளைக்கே திரும்பும் இந்தப் பழக்கம்தான் படமெடுப்பவருக்குக் கிடைத்த வரம். கிளையிலிருந்து 10 மீட்டர் தூரத்தில் காரை நிறுத்தி 600 மி.மீ.-இல் பார்த்தால், முழுச்சட்டக் கேமராவில் சுமார் 60 செ.மீ. அகலம் சட்டத்துக்குள் வரும். ஒரு சாண் அளவுப் பறவை அதில் மூன்றில் ஒரு பங்கை நிரப்பிவிடும், இறக்கை விரிக்கவும் இடம் மிஞ்சும். ஆனால் அந்தத் தூரத்தில் எஃப் 6.3 துளையில் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 10 செ.மீ. மட்டுமே. ஆகவே பறவை நம்மை நோக்கிப் பறந்து வரும்போது கண்ணில் குவியம் நிற்பதற்குக் கேமராவின் உதவி வேண்டும். பறவையின் கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதி கொண்ட கேமராவோடு இணைத்தபோது, வெளிச்சம் நன்றாக உள்ள காலைகளில் இந்த லென்ஸின் மோட்டார் வேகம் பஞ்சுருட்டானுக்கு ஈடுகொடுத்தது. பின்னணியில் செம்பனை ஓலைகள் அடர்ந்திருந்தால், லென்ஸின் பக்கவாட்டில் உள்ள தூரக் கட்டுப்பாட்டு விசையைப் பயன்படுத்துவது நல்லது. அதில் மூன்று நிலைகள்: முழுத் தூரம், 10 மீட்டரிலிருந்து முடிவிலிவரை, 2.4 முதல் 10 மீட்டர்வரை. கிளை எட்டு மீட்டரில் இருந்தால் மூன்றாவது நிலையில் வைத்துவிடலாம். பின்னாலிருக்கும் ஓலையைத் தேடி லென்ஸ் அலையாது. ஷட்டர் வேகம் 1/2000 வினாடிக்குக் குறையாமல் இருந்தால்தான் தும்பியின் இறக்கையும் நிற்கும். 1/3200 இன்னும் நல்லது.

நடுக்கத்தைத் தணிக்கும் ஓ.எஸ்.எஸ். அமைப்பிலும் மூன்று நிலைகள் உள்ளன. அமர்ந்த பறவைக்கு முதலாவது. குட்டையின் மேல் ஒரே திசையில் பறக்கும் செந்நாரைக்கும் செம்பருந்துக்கும் இரண்டாவது. பஞ்சுருட்டான் திசை தெரியாமல் வளைந்து வளைந்து பாயும்போது மூன்றாவது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டு மாற்றிக்கொள்ளும்போது பார்வைச் சட்டத்தில் படம் துள்ளுவது கண்கூடாகக் குறைகிறது.

கூடு வைத்திருக்கும் மணல்தரையில் காரை ஏற்றவே கூடாது. வளை எங்கே இருக்கிறது என்று தேடி நடப்பதும் தவறு. மேலே நின்றாலே இளகிய மணல் இடிந்து உள்ளே விழக்கூடும். வாயில் தும்பியோடு ஒரு பறவை கிளையிலேயே நீண்ட நேரம் தயங்கி நின்றால், நாம் அதன் குஞ்சுக்கும் அதற்கும் இடையே நிற்கிறோம் என்று பொருள்; உடனே பின்வாங்க வேண்டும். 600 மி.மீ. லென்ஸின் பயன் கிட்டே போவதற்கு அன்று, தள்ளியே நிற்பதற்கு. கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கும் பழக்கம் நம் பகுதியிலும் பரவிவருவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. கூடு கட்டும் காலத்தில் அந்தப் பறவை இரைதேட வேண்டிய நேரத்தை இல்லாத எதிரியைத் துரத்துவதில் செலவழிக்கிறது.

எடையைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். கேமராவோடு சேர்த்தால் மூன்று கிலோவை நெருங்குகிறது. தோளில் மாட்டி மணலில் நடந்தால் அரை மணியில் உடல் சோர்ந்துவிடும். அதனால் நம் ஊருக்கு ஏற்ற வழி காரையே மறைவிடமாகக் கொள்வது. பறவைகள் நடக்கும் மனிதனைக் கண்டு கலையும் தூரத்துக்கும், நின்ற காரைக் கண்டு கலையும் தூரத்துக்கும் பெரும் வித்தியாசம் இருக்கிறது. ஜன்னல் விளிம்பில் வைக்க விலையுயர்ந்த பை எதுவும் வேண்டாம். தடித்த துணியில் தையல்கடையில் ஒரு பை தைத்துப் பச்சைப்பயறு நிரப்பினால் போதும். மணலை மட்டும் நிரப்பாதீர்கள், தையல் வழியே கசிந்தால் எதற்கு அஞ்சினோமோ அதுவே லென்ஸின் மேல் கொட்டும். முக்காலியில் பூட்டுபவர்கள் கவனிக்க: இதன் பிடி, பரவலாகப் புழங்கும் ஆர்க்கா வகைத் தலையில் நேரடியாக அமராது, தனியே ஒரு தட்டு வாங்கிப் பூட்ட வேண்டும்.

காரில் குளிரூட்டியை ஓடவிட்டு வந்து, சட்டென்று ஜன்னலை இறக்கி லென்ஸை நீட்டினால், நம் ஊரின் ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் பட்டு வெண்திரையாகப் படிந்துவிடும். அது தானே தெளிய நேரமாகும்; அதற்குள் காலை வெளிச்சம் போய்விடும். தோட்டத்துப் பாதையில் திரும்புவதற்குச் சற்று முன்பே குளிரூட்டியை நிறுத்தி, எல்லா ஜன்னல்களையும் இறக்கிவிடுவது உத்தமம். இது கண்ணாடி வியர்ப்பதை மட்டும் தடுப்பதில்லை. ஜன்னல் ஓரத்தில் குளிர்காற்றும் வெப்பக்காற்றும் கலந்து படத்தை அலையவைப்பதும் நின்றுவிடும்.

அலைவதைப் பற்றிச் சொல்லும்போது, புதியவர்கள் லென்ஸின் மீது சுமத்தும் ஒரு பழியை நீக்க வேண்டியிருக்கிறது. வெண்மணல் வெயிலில் விரைவாகச் சூடேறுகிறது. அதன் மேலுள்ள காற்று அடுக்குகள் வெவ்வேறு வெப்பத்தோடு எழும்பிக் கலைவதால், ஒளி நேராக வராமல் நெளிந்து வருகிறது. கண்ணுக்குக் கானலாகத் தெரிவது 600 மி.மீ.-இல் பறவையின் இறகுகளை மெழுகாக்கிவிடுகிறது. மணி ஒன்பதரைக்கு மேல், ஐம்பது அறுபது மீட்டருக்கு அப்பாலிருக்கும் பறவையை மணலின் மேலாக எடுத்தால், எந்த விலை லென்ஸும் கூர்மையான படம் தராது. படம் மங்கலாக இருக்கிறதே என்று லென்ஸைப் பழுதுபார்க்க அனுப்புவதற்கு முன், அதே லென்ஸால் காலை எட்டு மணிக்குப் பத்து மீட்டர் தூரத்தில் ஒரு படம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

நமக்குக் கிடைக்கும் நல்ல வெளிச்சமும் குறுகியதே. நில நடுக்கோட்டுக்கு மூன்றரை பாகை வடக்கே இருக்கிறோம். இங்கே சூரியன் சாய்வாக ஏறாமல் ஏறக்குறைய நிமிர்ந்தே ஏறுகிறது, மணிக்குப் பதினைந்து பாகை வீதம். ஏழு மணியை ஒட்டிச் சூரியன் எழுந்தால், எட்டரைக்குள் பொன்னிற வெளிச்சம் தீர்ந்துவிடும். குளிர்நாட்டுப் புகைப்படக்காரர்கள் எழுதும் நீண்ட பொன்வேளையை எண்ணிக்கொண்டு நிதானமாகக் கிளம்பினால் ஏமாற்றமே மிஞ்சும்.

இந்த லென்ஸின் மெய்யான குறை துளை அளவில் இருக்கிறது. 200-இல் எஃப் 5.6, 600-இல் எஃப் 6.3. திறந்த மணல்வெளியில் இது ஒரு பொருட்டன்று. வளர்ந்த செம்பனை வரிசைக்குள் நுழைந்துவிட்டாலோ நிலைமை மாறுகிறது. பகலிலும் அங்கே மாலை வெளிச்சமே. காட்டுக்கோழி வரிசைகளுக்கு நடுவே மேயும்போது, 1/500 வினாடி வைக்கவே, கேமராவின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. அளவில் 6400-ஐத் தொட வேண்டியிருக்கிறது. எலிகளைக் கட்டுப்படுத்தக் கூகைகளுக்குத் தோட்டங்களில் கம்பத்தின் மேல் கூட்டுப்பெட்டி வைப்பது வழக்கம். அந்திக்குப் பின் பெட்டியிலிருந்து கூகை கிளம்பும் காட்சிக்கு இந்த லென்ஸ் போதாது. மணற்பாதையிலேயே அமர்ந்து ‘டொக், டொக்’ என்று இடைவிடாமல் ஒலிக்கும் பக்கி என்ற இரவுப்பறவைக்கும் அப்படியே. ஃப்ளாஷ் அடித்து அவற்றின் இரவுக் கண்களைக் கூசவைப்பதை நான் ஏற்பதில்லை. இருட்டிய பின் கேமராவைப் பையில் வைத்துவிட்டுக் காதால் கேட்பதே அவற்றுக்குச் செய்யும் மரியாதை. லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையே 1.4 மடங்கு நீட்டிப்பான் பூட்டினால் 840 மி.மீ. கிடைக்கும், துளையோ எஃப் 9 ஆகிவிடும். நம் காலைப் பனியிலும் மதியக் கானலிலும் அதற்கு இடமே இல்லை என்பது என் கருத்து.

பறவைக்கு மட்டும் உரியது என்று ஒதுக்கப்படும் இந்த லென்ஸ், நிலக்காட்சிக்கு எவ்வளவு உதவுகிறது என்பதைப் போதிய அளவு யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. மலையும் அருவியும் உள்ள ஊரில் அகலக்கோண லென்ஸ் சிறக்கும். நம்முடையதோ தட்டை நிலம். அகலக்கோணத்தில் எடுத்தால் பாதிச் சட்டம் வெறும் மணலும் மீதிப்பாதி வெளுத்த வானமும் என்றாகி, நடுவே இருக்கும் அழகெல்லாம் ஒரு மெல்லிய கோட்டுக்குள் அடங்கிவிடும். 200 மி.மீ.-இல் சுமார் 12 பாகையும் 600-இல் 4 பாகையும் மட்டுமே உள்ள இதன் பார்வைக்கோணம், அந்த மெல்லிய கோட்டை அறுத்தெடுத்துச் சட்டம் முழுவதும் நிரப்புகிறது. குட்டையின் அக்கரையில் பனிமூட்டம், அதற்குப் பின்னால் செம்பனைத் தலைகள், அதற்கும் பின்னால் தூரத்துக் குன்றுகளின் நீலம் ஆகியவை அடுக்கடுக்காக நெருங்கி நிற்கும் படம் வேறெந்த லென்ஸிலும் எனக்கு அமைந்ததில்லை.

செம்பனையின் நடவுமுறையும் இதற்குக் கைகொடுக்கிறது. 1917-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரரான ஆன்ரி ஃபொகோனியே, மலாயாவின் முதல் வணிகச் செம்பனை நடவைத் தொடங்கிய தென்னமரம் எஸ்டேட் நம் ஊரைச் சேர்ந்ததே. செம்பனையை முக்கோண அமைப்பில், மரத்துக்கு மரம் ஏறத்தாழ 9 மீட்டர் இடைவெளி விட்டு நடுவது பொதுவழக்கம். முக்கோணம் என்பதால் வரிசைகள் மூன்று திசைகளில் ஓடுகின்றன. பாதையோரத்தில் நின்று உடலை 60 பாகை திருப்பினால், அதுவரை குழப்பமாகத் தெரிந்த மரக்கூட்டம் சட்டென்று ஒரு நீண்ட நடையாகத் திறந்துகொள்ளும். 300 மி.மீ.-இல், எஃப் 11 துளையில், ஏறத்தாழ 270 மீட்டர் தூரத்தில் குவியம் வைத்தால், 135 மீட்டரிலிருந்து தொடுவானம்வரை அனைத்தும் தெளிவாக விழும். நடையின் கோடியில் குலை வெட்டுபவர் ஒருவர் நீண்ட அரிவாளோடு கடந்து செல்லும் கணத்துக்குக் காத்திருந்தால், மரங்களின் உயரம் பார்ப்பவருக்குச் சொல்லாமலே விளங்கும். அவ்வாறு எடுப்பதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும், “அண்ணே, ஒரு படம் எடுத்துக்கலாமா?” என்று கேட்டால் மறுத்தவரை நான் கண்டதில்லை.

மணற்பாதைக் காட்சிகளில் வெளிச்ச அளவையும் கவனிக்க வேண்டும். கேமரா எதையும் நடுத்தரச் சாம்பலாகவே எண்ணி அளப்பதால், வெண்மணல் சட்டத்தை நிரப்பும்போது படத்தை இருட்டாக்கிவிடும். முக்கால் படி முதல் ஒரு படிவரை கூட்டிவைத்தால் மணல் மணலாகத் தெரியும். அதே மணலில் ஒரு கொக்கு இறங்கிவிட்டால் கூட்டியதைக் குறைத்தாக வேண்டும், இல்லையேல் அதன் இறகுகள் வெறும் வெள்ளைத்திட்டாகிவிடும்.

கிட்டப்படங்களுக்கும் ஓரளவு ஈடுகொடுக்கிறது. 2.4 மீட்டரில் 600 மி.மீ. வைத்தால் 18 செ.மீ. அகலம் சட்டத்துக்குள் வரும். குட்டையோரத் தும்பிகளுக்கும், ஈரமணலில் உடும்பு வாலை இழுத்துப் போன தடத்துக்கும் இது போதும். ஆனால் 200-க்குக் கீழே இறங்க முடியாதது சில இடங்களில் உறுத்தும். பக்கத்துக் கோலா சிலாங்கூரில், புக்கிட் மெலாவாத்திக் குன்றில் உள்ள வெள்ளிநிறக் குரங்குகள் மனிதரிடம் பழகியவை. செம்பொன் நிறக் குட்டியை அணைத்த தாய் இரண்டு எட்டு தூரத்தில் வந்து அமர்ந்துவிடும். அங்கே இந்த லென்ஸைக் காரிலேயே விட்டுவிடலாம். மணற்பாதையிலோ லென்ஸைக் கழற்றி மாற்றுவது கூடவே கூடாது. திறந்த கேமராவுக்குள் ஒரு துகள் புகுந்து உணரியில் ஒட்டினால், அன்றைய படங்கள் அனைத்திலும் வானத்தில் ஒரு கரும்புள்ளி நிற்கும். அகலமான காட்சிக்குக் கைப்பேசியே போதும். அதிலும் நிறைவில்லாதவர், சிறிய லென்ஸ் பூட்டிய இரண்டாவது கேமராவை இருக்கையில் வைத்துக்கொள்ளலாம்.

வீடு திரும்பியதும் செய்ய வேண்டியவை அதிகமில்லை. முதலில் ரப்பர் ஊதியால் லென்ஸின் முன்புறத்தையும் வளைய இடுக்குகளையும் கேமரா பொருந்தும் இடத்தையும், லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்தபடியே ஊத வேண்டும். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் தெறிக்கும். ஊதி முடிப்பதற்கு முன் துணி கண்ணாடியைத் தொடக் கூடாது. அதன்பின் ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காடுவரை நிற்கும் உலர்பெட்டியில் வைத்துவிடலாம். நம் நாட்டில் லென்ஸைக் கொல்வது மணலைவிடப் பூஞ்சையே. தோல்பையில் மூடி அலமாரியில் வைத்துவிட்டுப் பள்ளி விடுமுறைகளில் மட்டும் வெளியே எடுப்பவர்களின் லென்ஸ்கள் இப்படித்தான் வீணாகின்றன.

தோட்டங்களும் மணல் எடுக்கும் இடங்களும் தனியார் நிலம். வாயிலில் பதிந்து, அனுமதி பெற்று, கேமரா வைத்திருப்பதைச் சொல்லிவிட்டே நுழைய வேண்டும். தோட்டக் கண்காணியான மண்டோர் மோட்டாரில் வந்து, “தம்பி, லோரி வர்ற நேரம், கொஞ்சம் ஓரமா ஒதுங்கி நில்லுங்க” என்றால், பறவை கிளையில் இருந்தாலும் ஒதுங்கிவிட வேண்டும். சுமை ஏற்றிய லோரியால் மணலில் சட்டென்று நிற்க முடியாது. 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பல பறவைகளும் விலங்குகளும் பாதுகாக்கப்பட்டவை. கூட்டையோ குஞ்சையோ தொடுவதைப் படத்துக்கான ஏற்பாடாக யாரும் எண்ண வேண்டாம். கூடு வைக்கும் இடத்தின் படத்தை வெளியிடும்போது இடக்குறிப்பை நீக்கிவிடுவதையும் நான் வற்புறுத்துவேன்.

புதிதாக வாங்க வசதியில்லாதோர் பழையதை வாங்குவதில் தவறில்லை. வெளிவந்து ஆண்டுகள் ஆகிவிட்டதால் கைமாறும் லென்ஸ்கள் சந்தையில் கிடைக்கின்றன. கடையின் விளக்கொளியில் பார்த்து முடிவு செய்யாமல், கைவிளக்கைப் பின்புறமிருந்து சாய்வாக அடித்து, முன்புறம் வழியே நோக்க வேண்டும். நூலிழையாகக் கிளைவிடும் வெண்கோடுகள் தெரிந்தால் அது பூஞ்சை; விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். இரண்டொரு தூசிகள் தெரிவதால் படத்துக்குக் கேடில்லை. ஜூம் வளையத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை மெல்லத் திருப்பி, காதருகே வைத்துக் கேளுங்கள். நறநறப்பு இருக்கக் கூடாது. கேமராவில் பொருந்தும் வளையத்தைச் சுற்றியுள்ள ரப்பர் கிழியாமல் முழுமையாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், ஏனெனில் புழுதி புகும் முதல் வழி அதுவே. பின்னர் உங்கள் கேமராவிலேயே பூட்டி, மூன்று ஓ.எஸ்.எஸ். நிலைகளிலும் மூன்று தூரக் கட்டுப்பாட்டு நிலைகளிலும் சில படங்கள் எடுத்து, 600 மி.மீ. படங்களை முழு அளவில் பெரிதாக்கி நான்கு மூலைகளையும் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.